தனி எலக்ட்ரான் இரண்டுதான், கார்பன் நான்கு பிணைப்பு அமைப்பது எப்படி?

அணுத்துளி

எல்லாருக்கும் வணக்கம். வேதிப்பிணைப்புப் பாடத்தில் ஓரிடத்தைத் தாண்ட முடியவில்லை. கார்பனின் அணு எண் 6. எலக்ட்ரான் அமைப்பை எழுதினால் 1எஸ்-இல் இரண்டு, 2எஸ்-இல் இரண்டு, 2பி-இல் இரண்டு. 2எஸ்-இல் இருப்பவை ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டன. தனியாக நிற்பவை 2பி-இல் உள்ள இரண்டு மட்டும்தான். அப்படியானால் கார்பன் இரண்டு ஹைட்ரஜனோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் கிடைப்பது நான்கு ஹைட்ரஜன் உள்ள மீத்தேன்.

2எஸ்-இலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளர்வுற்று 2பி-க்குப் போகிறது, பிறகு நான்கும் இனக்கலப்பு அடைகின்றன (ஒன்றோடொன்று கலந்து சமமான நான்காகின்றன) என்று புத்தகம் சொல்கிறது. அந்த எலக்ட்ரானை மேலே ஏற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அடுத்த பக்கத்தில் "எண்ம விதியை நிறைவு செய்ய" என்று எழுதியிருக்கிறது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருக்க வேண்டும் என்ற அந்த விதிக்கு அணு ஏன் கட்டுப்பட வேண்டும்? மனப்பாடம் செய்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நான்முகி

நல்ல கேள்வி. முதலில் எண்களைப் பார்ப்போம், பெயர்கள் பிறகு வரட்டும். கீழே வரும் ஆற்றல் மதிப்புகள் எல்லாம் ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தனித்த கார்பன் அணுவில் 2எஸ் எலக்ட்ரான் ஒன்றை 2பி-க்கு ஏற்றி, நான்கும் ஜோடியில்லாமல் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 400 தேவை. இது ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமம், லேசான தொகை இல்லை.

இப்போது மீத்தேனை ஒவ்வொரு ஹைட்ரஜனாகச் சேர்த்துக் கட்டுவோம். முதல் ஹைட்ரஜன் சேரும்போது 338 வெளியாகிறது. இரண்டாவதுக்கு 424, மூன்றாவதுக்கு 462, நான்காவதுக்கு 439. மொத்தம் 1663. அதை நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 416. பாடநூல் அட்டவணைகளில் 413 என்று இருப்பது பல சேர்மங்களின் சராசரி, அதனால்தான் இந்தச் சிறு வேறுபாடு.

அந்த நான்கு எண்களையும் வரிசையாகப் பாருங்கள். முதலாவது மட்டும் குறைவு. ஒரு ஹைட்ரஜன் மட்டும் சேர்ந்த சிஎச் துணுக்கில் 2எஸ் ஜோடி பெரும்பாலும் கலையாமல் அப்படியே இருக்கிறது. (இந்தத் துணுக்கு கற்பனை இல்லை. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் முதன்முதலாக, 1937-இல், அடையாளம் காணப்பட்ட மூலக்கூறு இதுதான்.)

இரண்டாவது ஹைட்ரஜன் வந்ததும் நிலைமை மாறுகிறது. நீங்கள் எதிர்பார்த்த இரண்டு ஹைட்ரஜன் சேர்மத்துக்கு மெத்திலீன் என்று பெயர். 2எஸ் ஜோடி கலையாமல் இரண்டு 2பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் பரவியிருக்கும் பகுதிகள்) மட்டும் பிணைப்பில் ஈடுபட்டிருந்தால் இடைக்கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மெத்திலீனின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் அளந்த கோணம் சுமார் 134 பாகை, அதில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடியின்றி நிற்கின்றன. ஜோடி சேர்ந்த இன்னொரு நிலையும் உண்டு. அதன் கோணம் 102 பாகை, ஆற்றலோ 38 கூடுதல். ஆக, இரண்டு ஹைட்ரஜன் கட்டத்திலேயே எஸ் ஜோடி பிரிந்து நிற்பதுதான் கார்பனுக்கு ஆதாயம். அங்கிருந்து இன்னும் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தால் 462-உம் 439-உம், மொத்தம் 901 வெளியாகும். கிடைக்கும் இடத்திலெல்லாம் மெத்திலீன் எதையாவது பற்றிக்கொள்வது அதனால்தான்.

எனவே ஆற்றலை வெளியிலிருந்து யாரும் கொடுக்க வேண்டியதில்லை, உண்டாகும் பிணைப்புகளே அதைத் தந்துவிடுகின்றன. எண்ம விதியும் இந்தக் கணக்கின் விளைவுதான். அணு அதற்குக் கீழ்ப்படிகிறது என்று எண்ண வேண்டாம்.

அணுத்துளி

மிக்க நன்றி சார். 338, 424, 462, 439 என்று வரிசையாகப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எனக்குப் புரிந்தவரை, தொழில் தொடங்கக் கடன் வாங்கி, வரும் லாபத்தில் அதை அடைப்பது மாதிரி. முதலில் 400 கடன், எலக்ட்ரான் மேலே போகிறது, இனக்கலப்பு நடக்கிறது, பிறகு பிணைப்பு உண்டாகி 1663 வருகிறது. வரிசை சரிதானே?

ஒளிநிறமாலை

தொகை சரி. வரிசை கிடையாது. அந்த உவமையில் கடன் வாங்கும் நாள் ஒன்று இருக்கிறது, அணுவில் அப்படி ஒரு தருணம் இல்லை. ஹைட்ரஜன் நெருங்கி வர வர எலக்ட்ரான் பரவல் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே இருக்கும். கிளர்வுற்ற கார்பன் தனியாகக் காத்து நின்று, பிறகு இனக்கலப்பு அடைந்து, அதன் பின் பிணைப்பு அமைக்கிறது என்று மூன்று படி எழுதுவது நம் வசதிக்காக. அந்தப் படிகளை யாரும் அளந்ததில்லை, அளக்கவும் முடியாது.

அளக்க முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். மீத்தேன் மீது ஆற்றல் மிக்க ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தால் ஒவ்வோர் எலக்ட்ரானும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்று தெரியும். ஒளிஎலக்ட்ரான் நிறமாலை என்பது அதுதான். ஓர் எஸ்-உம் மூன்று பி-யும் கலந்த நான்கு எஸ்பி3 ஆர்பிட்டால்களும் சமம் என்று படித்தவர், இணைதிறன் எலக்ட்ரான்களுக்கு (வெளிக்கூட்டில் இருப்பவை) ஒரே ஒரு முகடு வரும் என்றுதான் எதிர்பார்ப்பார். வருவதோ இரண்டு. ஒன்று சுமார் 14 எலக்ட்ரான் வோல்ட்டில், மற்றொன்று சுமார் 23-இல். முதலாவது மூன்று ஆர்பிட்டால்களுக்கு உரியது, இரண்டாவது ஒன்றுக்கு உரியது.

மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை இதை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. கார்பனின் 2எஸ் நான்கு ஹைட்ரஜன்களோடும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒரு தாழ்ந்த ஆர்பிட்டாலைத் தருகிறது. மூன்று 2பி-களும் நான்கு ஹைட்ரஜன்களோடு சேர்ந்து சம ஆற்றல் உள்ள மூன்று ஆர்பிட்டால்களைத் தருகின்றன. எட்டு எலக்ட்ரான்களும் அவற்றில் அடங்கிவிடும். இனக்கலப்பு என்ற சொல்லே அங்கு தேவைப்படவில்லை.

குடுவை

ஒளிநிறமாலை அவர்களே, சொன்னது உண்மைதான், மறுக்கலை. ஆனா இதைப் படிச்சிட்டு புதுசா படிக்கிறவங்க இனக்கலப்பே பொய்னு முடிவு கட்டிடக் கூடாது. நாங்க தினமும் ஆய்வகத்தில கரிமச் சேர்மங்களோடதான் இருக்கோம். எத்திலீன் ஏன் தட்டையா இருக்கு, அசிட்டிலீன் ஏன் நேர்கோடா இருக்கு, இரட்டைப் பிணைப்பைச் சுத்தி ஏன் சுழற்ற முடியலை, இதெல்லாம் எஸ்பி2 (ஒரு எஸ், ரெண்டு பி), எஸ்பி (ஒரு எஸ், ஒரு பி)னு ரெண்டு கோடு போட்டாலே வந்துடும்.

இன்னொண்ணு. அசிட்டிலீனோட ஹைட்ரஜனை வலுவான காரம் போட்டுப் பிடுங்க முடியும், எத்திலீன்ல அது ரொம்பக் கஷ்டம், ஈத்தேன்ல அதைவிடக் கஷ்டம். பிகேஏ மதிப்பு (குறைஞ்சா ஹைட்ரஜன் சுலபமா வரும்) முறையே 25, 44, 50 பக்கத்தில வரும். எஸ் பங்கு 50 சதவீதம், 33, 25னு குறையுறதோட இது அப்படியே ஒத்துப்போகுது. எஸ் எலக்ட்ரான் கருவுக்குப் பக்கத்தில இருக்கும், அதனால எதிர்மின்சுமையை நல்லாத் தாங்கும். ஒரு படம் இவ்வளவு வேலை செய்யுதுன்னா அதைத் தூக்கிப் போட முடியாது.

நான்முகி

நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றோடொன்று மோதவில்லை என்று நினைக்கிறேன்.

மீத்தேனில் நான்கு பிணைப்புகளும் சமம் என்பது அளந்த உண்மை: நான்கும் சுமார் 109 பிக்கோமீட்டர் நீளம், கோணம் 109.5 பாகை. முகடு இரண்டு வருவதும் அளந்த உண்மை. எட்டு எலக்ட்ரான்களின் மொத்தப் பரவல் ஒன்றுதான். அந்த ஒரே பரவலை நான்கு பிணைப்புகளாகப் பிரித்தும் எழுதலாம், ஒன்றும் மூன்றுமாகப் பிரித்தும் எழுதலாம். கணிதத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த இழப்பும் இல்லாமல் போய் வர முடியும். வடிவத்தைப் பற்றிக் கேட்டால் முதல் வகை கைகொடுக்கும். ஓர் எலக்ட்ரானை வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டாவது வகை நேரடியாகப் பதில் சொல்லும்.

வரலாற்றிலும் வடிவம்தான் முதலில் வந்தது. கார்பனின் இணைதிறன் நான்கு என்று கெக்குலேயும் கூப்பரும் சொன்னது 1858-இல். அந்த நான்கும் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் உள்ள வடிவம்) மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே சொன்னது 1874-இல். எலக்ட்ரான் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. எத்தனை மாற்றியங்கள் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு உள்ள சேர்மங்கள்) கிடைக்கின்றன, ஒளியை எந்தப் பக்கம் சுழற்றுகின்றன என்பதை வைத்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியை முன்வைத்தது 1916-இல். பாலிங் இனக்கலப்பைக் கொண்டு வந்தது 1931-இல், ஏற்கெனவே தெரிந்திருந்த நான்முகியைக் குவாண்டம் இயற்பியலின் மொழியில் எழுதுவதற்காக. இனக்கலப்பினால் மீத்தேன் நான்முகியாகிறது என்று எழுதும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. நான்கு பிணைப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும்போது ஆற்றல் மிகக் குறைகிறது, அந்த வடிவத்துக்குப் பொருந்தும் விவரிப்பே எஸ்பி3.

சிலிக்கா

நான் கண்ணாடி, பீங்கான் பக்கம் வேலை பாக்கிறவன். கார்பனை மட்டும் தனியாப் பார்த்தா அதோட அருமை தெரியாது, கீழே இருக்கிற சிலிக்கானையும் பக்கத்தில வெச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் வெளிக்கூட்டில நாலு எலக்ட்ரான். ஆனா கார்பன் டை ஆக்சைடு வாயு, மைனஸ் 78 பாகையிலேயே திண்மம் நேரா ஆவியாகுது. சிலிக்கான் டை ஆக்சைடு, அதாவது குவார்ட்ஸ், உருக 1700 பாகை செல்சியஸ் வேணும்.

ஏன்னு பிணைப்பு ஆற்றலை வெச்சுக் கூட்டிப் பார்க்கலாம். ஓர் அணு ரெண்டு இரட்டைப் பிணைப்பு போட்டா தனி மூலக்கூறு. நாலு ஒற்றைப் பிணைப்பு போட்டா, ஒவ்வொரு ஆக்சிஜனையும் ரெண்டு அணு பங்கு போட்டுக்கிட்டு முப்பரிமாண வலை.

கார்பனுக்கு: கார்பன் டை ஆக்சைடில இரட்டைப் பிணைப்பு 799. ரெண்டுக்கு 1598. கார்பன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு 358. நாலுக்கு 1432. தனி மூலக்கூறு ஜெயிக்குது.

சிலிக்கானுக்கு: இரட்டைப் பிணைப்பு சுமார் 640. ரெண்டுக்கு 1280. ஒற்றைப் பிணைப்பு 452. நாலுக்கு 1808. வலை ஜெயிக்குது, அதுவும் 500-க்கு மேல வித்தியாசத்தில.

காரணம் பை பிணைப்பு, அதாவது இரட்டைப் பிணைப்போட ரெண்டாவது பாதி. அது பக்கவாட்டில மேற்பொருந்துறதால அணுக்கள் நல்லா நெருங்கணும். கார்பனும் ஆக்சிஜனும் சின்ன அணு, ரெண்டும் 2பி, கார்பன் டை ஆக்சைடில தூரம் 116 பிக்கோமீட்டர்தான். சிலிக்கான் பெரிசு, அதோட 3பி ஆக்சிஜனோட 2பி-யோட சரியாப் பொருந்தாது.

இதிலே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: கார்பன் டை ஆக்சைடையும் வலையாக்க முடியும். 1999-இல் அதை 40 கிகாபாஸ்கலுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 4 லட்சம் மடங்குக்கு அழுத்தி, லேசரால சூடாக்கினாங்க. கார்பனைச் சுத்தி நாலு ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பில நிக்கிற குவார்ட்ஸ் மாதிரியான திண்மம் வந்தது. இடம் நெருக்கும்போது 1598-க்கும் 1432-க்கும் உள்ள வித்தியாசம் எடுபடாமப் போயிடுது.

அணுத்துளி

இந்தக் கூட்டலை நானும் போட்டுப் பார்த்தேன், எளிதாக வருகிறது. சிலிக்கான் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரோடு வினைபுரிவதில்லை, சிலிக்கான் டெட்ராகுளோரைடு உடனே நீராற்பகுப்பு அடைந்து புகைகிறது. சிலிக்கானுக்குக் காலியான 3டி ஆர்பிட்டால் இருப்பதுதான் காரணம் என்று புத்தகத்தில் இருக்கிறது. சரியா?

ஒளிநிறமாலை

பழைய விளக்கம் அது. அந்த 3டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மிக உயரத்தில் இருக்கின்றன. கணினிக் கணக்கீடுகளில் பிணைப்புக்கு அவற்றின் பங்கு மிகச் சிறியதாகவே வருகிறது. சல்பர் ஹெக்சாஃபுளோரைடுக்குச் சொல்லப்படும் எஸ்பி3டி2 இனக்கலப்பின் கதியும் இதுதான்.

எளிய காரணம் அளவு. கார்பனின் சகப்பிணைப்பு ஆரம் 77 பிக்கோமீட்டர், சிலிக்கானுக்கு 110-க்கு மேல். நான்கு குளோரின்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும் கார்பனைத் தண்ணீரின் ஆக்சிஜன் நெருங்க வழியில்லை. சிலிக்கானைச் சுற்றி ஐந்தாவது அணு வந்து நிற்க இடம் இருக்கிறது. கூடவே சிலிக்கானின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) 1.90, குளோரினுக்கு 3.16. அதனால் சிலிக்கான் மீது நேர்மின்தன்மை அதிகம், ஆக்சிஜனை இழுக்கிறது. கார்பனுக்கு 2.55.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்தால் ஆற்றல் வெளியாகத்தான் செய்யும். இறங்க வேண்டிய பள்ளம் இருக்கிறது, ஏற வேண்டிய மேடு குறுக்கே நிற்கிறது. வினை நடக்கவில்லை என்பதை வைத்துச் சேர்மம் ஆற்றலில் தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குடுவை

இதுக்கு ஒத்த இன்னொரு ஜோடி: மீத்தேன், அதுல கார்பனுக்குப் பதிலா சிலிக்கான் இருக்கிற சிலேன். மீத்தேன் காத்தோட கலந்து சும்மா இருக்கும், பொறி பட்டாத்தான் எரியும். சிலேன் காத்துப் பட்டாலே தானாத் தீப்பிடிக்கும். அதைக் கையாளுற இடத்தில குழாய் இணைப்பெல்லாம் காத்துப் புகாம இருக்கான்னு திரும்பத் திரும்பச் சோதிப்போம். சிலிக்கான் நீண்ட சங்கிலி அமைக்காததும் இதே கதை. கார்பன்–கார்பன் 346, கார்பன்–ஆக்சிஜன் 358, கிட்டத்தட்டச் சமம். சிலிக்கான்–சிலிக்கான் 222, சிலிக்கான்–ஆக்சிஜன் 452. ஆக்சிஜன் இருக்கிற உலகத்தில சிலிக்கான் சங்கிலி எத்தனை நேரம் தாங்கும்?

வெண்கரு

நல்ல இழை. ஒரு சின்னக் கருத்து. பிணைப்புக்குள் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது, மீத்தேனை எரிக்கும்போது பிணைப்பு உடைந்து அந்த ஆற்றல் வெளியே வருகிறது என்று சொன்னால் எல்லாருக்கும் சுலபமாகப் புரியுமே?

நான்முகி

அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். இந்த ஒன்று தவறாகப் பதிந்துவிட்டால் மேலே எழுதியது எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

மீத்தேன் எரிவதையே எடுத்துக்கொள்வோம். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 4 × 413 = 1652. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்க 2 × 498 = 996. கொடுத்தது 2648. உண்டாவது கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, 1598. இரண்டு நீர் மூலக்கூறில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, 4 × 463 = 1852. வந்தது 3450. வித்தியாசம் 802. நீர் ஆவியாக வெளியேறும்போது அளந்த மதிப்பும் 802-தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். அதன் இரட்டைப் பிணைப்பு 498, கார்பன் டை ஆக்சைடில் உள்ளதோ 799. எரிவாயுவின் வெப்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, வலுக்குறைந்த ஆக்சிஜன் பிணைப்பு போய் வலுவான பிணைப்புகள் வருவதால் கிடைப்பது. மீத்தேனுக்குள் எதுவும் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

வெண்கரு

ஆக்சிஜன் பக்கம் இருந்து இதுவரை யோசித்ததில்லை. நன்றி. அப்படியானால் அடுத்த கேள்வி: கார்பன் ஏன் எலக்ட்ரானை முழுதாகக் கொடுத்தோ வாங்கியோ அயனி ஆவதில்லை? சோடியமும் குளோரினும் அப்படித்தானே செய்கின்றன?

ஒளிநிறமாலை

கொடுப்பது கட்டுப்படியாகாது. நான்கு எலக்ட்ரான்களை அடுத்தடுத்து எடுக்க 1086, 2353, 4620, 6223 தேவை. மொத்தம் 14,280-க்கு மேல். எந்தப் படிகமும் எந்தப் பிணைப்பும் இதைத் திருப்பித் தராது. கார்பன் டை ஆக்சைடில் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண் +4 என்று எழுதுகிறோம், அது எண்ணி வைக்கும் முறை மட்டுமே. உண்மையான மின்சுமை அதைவிட மிகக் குறைவு.

வாங்குவதில் முதல் எலக்ட்ரானுக்கு 122 வெளியாகிறது. அதன் பின் வரும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள சின்ன அணுவுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் விலக்கு விசை கடுமை.

ஆனால் கார்பன் அயனிச் சேர்மமே தராது என்று எழுதிவிட முடியாது. கால்சியம் கார்பைடில் இரண்டு கார்பன்கள் முப்பிணைப்பால் சேர்ந்து, சேர்ந்தபடியே இரண்டு எதிர்மின்சுமையைத் தாங்குகின்றன. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன். வோலர் இதை 1862-இல் செய்து காட்டினார். அலுமினியம் கார்பைடோ தண்ணீரில் மீத்தேனைத் தரும், அதில் கார்பன்கள் தனித்தனியாக உலோகங்களுக்கு நடுவே இருப்பதால். எந்த வாயு வருகிறது என்பதை வைத்தே உள்ளே கார்பன் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

குடுவை

கவர்தன்மையை மட்டும் நம்புறவங்களுக்கு ஒரு சேர்மம் சொல்றேன்: கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55. ஆக்சிஜன் பக்கம்தான் எதிர்மின்தன்மை இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. அளந்து பார்த்தா இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை எவ்வளவு பிரிஞ்சிருக்குங்கிற அளவு) 0.1 டிபை அளவுதான், அதுவும் திசை எதிர்ப்பக்கம், கார்பன்தான் லேசா எதிர்மின் முனை. முப்பிணைப்பு போட ஆக்சிஜன் தன் பங்குக்கு மேல எலக்ட்ரான் போடுது, கார்பன் மேல பிணைப்பில சேராத ஒரு தனித்த ஜோடி வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டும் சேர்ந்து கவர்தன்மையோட இழுப்பை ஈடுகட்டிடுது.

அந்தத் தனித்த ஜோடிதான் உலோகத்தைப் பிடிக்கிறதும். நிக்கல் கார்பனைல்ல நிக்கலைத் தொடுறது கார்பன் முனைதான். ரத்தத்தில ஹீமோகுளோபினோட இரும்பைப் பிடிக்கிறதும் அதே முனை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்கும், அதனாலதான் அது உயிரைக் குடிக்குது. கார்பன் மோனாக்சைடோட பிணைப்பு ஆற்றலோ 1072, ஈரணு மூலக்கூறுகள்ல இதைவிட வலுவானது கிடையாது.

அணுத்துளி

நான்குக்கு மேல் கார்பன் பிணைப்பு அமைப்பதே இல்லையா? இதையும் கேட்டுவிடுகிறேன்.

நான்முகி

அமைக்கும். பக்கத்தில் நிற்கும் அணுக்கள் எத்தனை, பங்கிடும் எலக்ட்ரான்கள் எத்தனை என்ற இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

ஹெக்சாமெத்தில்பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் வளையத்தின் ஆறு மூலையிலும் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்). வளையம் தட்டையானது என்று எக்ஸ் கதிர் மூலம் 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் காட்டியது இந்தச் சேர்மத்தில்தான். கெக்குலேயின் படத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஒற்றை 154 பிக்கோமீட்டர், இரட்டை 134 என்று இருக்க வேண்டிய இடத்தில் பென்சீனின் ஆறு பக்கமும் சுமார் 139. ஹைட்ரஜனேற்றத்தில் தனித்த மூன்று இரட்டைப் பிணைப்புக்கு 360 வெளியாக வேண்டும், பென்சீனில் 208 மட்டுமே. அந்த 150 சொச்சம், எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவி நிற்பதால் வந்த தாழ்வு.

அதே சேர்மத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் வளையம் தட்டையாக நிற்பதில்லை. ஐந்து கார்பன்கள் அடித்தளமாக, ஆறாவது கார்பன் மேலே ஏறி ஐங்கோணப் பிரமிடு ஆகிறது. உச்சியில் இருக்கும் கார்பனுக்குக் கீழே ஐந்து, மேலே மெத்தில் ஒன்று, ஆக ஆறு கார்பன் அண்டைகள். 2016-இல் இதன் படிக அமைப்பை நேரடியாகக் கண்டார்கள். ஆனால் அந்த உச்சிக் கார்பனைச் சுற்றி எலக்ட்ரான்கள் எட்டுதான். கீழே உள்ள ஐந்து பிணைப்புகளும் ஆறே எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அதனால் அவை வழக்கமான ஒற்றைப் பிணைப்பைவிட நீளமானவை. எட்டு என்ற எல்லை இங்கேயும் மீறப்படவில்லை. நான்கு என்ற எல்லைதான் தளர்ந்தது.

உயிருள்ளவற்றிலும் உண்டு. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் பாக்டீரியாக்களின் நைட்ரோஜனேஸ் நொதியில், உலோகக் கொத்தின் நடுவில் ஏதோ ஓர் இலேசான அணு இருப்பது தெரிந்திருந்தது. அது கார்பன் என்று 2011-இல் உறுதியானது. அதைச் சுற்றி ஆறு இரும்பு அணுக்கள். எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

அணுத்துளி

அருமை சார். இங்கே கற்ற முறையில் ஒரு கணக்கு போட்டிருக்கிறேன், சரி பாருங்கள்.

எத்திலீன் பாலி எத்திலீன் ஆகும்போது ஓர் அலகுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு (614) போய் இரண்டு ஒற்றைப் பிணைப்பு (2 × 346 = 692) வருகிறது. 78 வெளியாகும். எனவே சங்கிலி ஆவது ஆதாயம். அசிட்டிலீனில் முப்பிணைப்பு 839, மூன்று ஒற்றைப் பிணைப்பு 1038. அங்கும் ஆதாயம்.

அதே கணக்கை நைட்ரஜனுக்குப் போட்டால் முப்பிணைப்பு 945, ஒற்றைப் பிணைப்பு 160 மட்டுமே, மூன்றுக்கு 480. பெரிய நஷ்டம். காற்றில் இவ்வளவு நைட்ரஜன் இருந்தும் அது சங்கிலி ஆகாமல் இரட்டை அணுக்களாகவே திரிவது இதனால்தானா? அந்த ஒற்றைப் பிணைப்பு மட்டும் ஏன் இவ்வளவு வலுக்குறைவு?

நான்முகி

கணக்கு சரி. எத்திலீனுக்கு அளந்த மதிப்பு உங்கள் 78-ஐவிடச் சற்றுக் கூடுதல், 90-க்கு மேல். சராசரி எண்களை வைத்துப் போடும்போது இந்த அளவு விலகல் வரும், திசை மாறாது.

நைட்ரஜன் பிணைப்பு வலுக்குறைவதற்குத் தனித்த ஜோடிகளே காரணம். அணுக்கள் சின்னவை, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆக்சிஜன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு 146 என்று இன்னும் குறைவதும் அதனால்தான். நான்கு எலக்ட்ரான்களையும் பிணைப்பில் போட்டுவிடும் கார்பனுக்கு மிச்சம் ஜோடி எதுவும் இல்லை, ஒரு வரிசையில் அது மட்டுமே இப்படித் தப்பித்து நீண்ட சங்கிலி அமைக்கிறது.

சிலிக்கா

அணுத்துளி, நைட்ரஜன் கணக்கையும் அழுத்தம் மாத்திடும். 2004-இல் 110 கிகாபாஸ்கலுக்கு மேல, 2000 கெல்வினுக்கு மேல சூடாக்கி, ஒவ்வொரு நைட்ரஜனும் மூணு ஒற்றைப் பிணைப்போட நிக்கிற திண்ம வலையை எடுத்தாங்க. கார்பன் டை ஆக்சைடுக்கு 40 போதும்னு இருந்தது, இதுக்கு 110 வேணும். நீங்க போட்ட 945-க்கும் 480-க்கும் இருக்கிற இடைவெளியையும் என்னோட 1598-க்கும் 1432-க்கும் இருக்கிற இடைவெளியையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாருங்க.